களிம்பா, கத்தியா: ஆசனவாய் வெடிப்புக்கு எதை எப்போது தேர்ந்தெடுப்பது?

போன வருஷம் ஆடி மாதம் சித்தப்பா போன் செய்தார். பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரில் இருந்து ஒரு நம்பரைக் குறித்து வைத்திருக்கிறாராம். மூலம், பவுத்திரம், விரைவீக்கம், ஆபரேஷன் இல்லாமல் ஒரே ஊசி. நீங்களும் பார்த்திருப்பீர்கள், தமிழ்நாட்டில் அந்த மஞ்சள் போஸ்டர் இல்லாத மின்கம்பம் கிடையாது. "உனக்குத்தான் இதெல்லாம் பட்ட அனுபவம் இருக்கேடா, இவன்கிட்ட போகலாமா?" என்றார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "வலி எப்ப வருது சித்தப்பா? வெளிக்குப் போறப்பவா, போயிட்டு வந்த பிறகா, இல்ல எந்நேரமுமா?"

"எந்நேரமும்டா. உட்காரவே முடியல. விண் விண்ணுன்னு தெறிக்குது. நேத்து ராத்திரி குளிர் ஜுரம் வேற."

அவருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. அன்று சாயங்காலமே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆசனவாய்க்குப் பக்கத்தில் சீழ்க்கட்டி. ராத்திரியே கீறிச் சீழை எடுத்தார்கள். போஸ்டர் ஆளிடம் போய் ஒரு ஊசி போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. சர்க்கரைக்காரர்களுக்கு அந்த இடத்துச் சீழ் சதையை அரித்துக்கொண்டு வேகமாகப் பரவும். ஆன்டிபயாடிக் மாத்திரை மட்டும் அதை அடக்காது. கீறித்தான் ஆக வேண்டும்.

எனக்கு இருந்தது வேறு. ஆசனவாய் வெடிப்பு, டாக்டர்கள் பிஷர் என்பார்கள். அதற்கு என்னென்ன வழி இருக்கிறது, எதற்கு எவ்வளவு பலன், எதில் என்ன இழக்க வேண்டிவரும் என்று ஒரு வருஷத்துக்கு மேல் பட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, டி.டி.பி. சென்டரில் நாளுக்குப் பத்து மணி நேரம் நாற்காலியில் இருப்பவன். உங்கள் உடம்பைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள மட்டும் இது உதவும்.

நம் ஊரில் பின்பக்கம் எது வலித்தாலும் அதற்குப் பெயர் மூலம். இந்த ஒரு சொல்லால் வரும் கஷ்டம் கொஞ்சநஞ்சமில்லை. உண்மையில் உள்மூலம் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. ஆசனவாய்க் குழாய் மொத்தமே நாலு சென்டிமீட்டர் நீளம்தான். அதன் நடுவில் பல்வரிசை மாதிரி ஒரு கோடு உண்டு. கோட்டுக்கு மேலே கிள்ளினாலும் தெரியாது. கீழே இருப்பது விரல் நுனி மாதிரி உணர்வுள்ள தோல். உள்மூலம் கோட்டுக்கு மேலே இருக்கிறது. அதனால் வலியில்லாமல் சொட்டுச் சொட்டாக ரத்தம் மட்டும் போகும். வெடிப்பு கோட்டுக்குக் கீழே. அதனால்தான் ஒரு சென்டிமீட்டர் கீறல் ஒரு ஆளை நாள் பூராவும் முடக்கிப்போடுகிறது.

எந்த வலி என்று கண்டுபிடிக்க நேரத்தைப் பார்த்தாலே முக்கால்வாசி தெரிந்துவிடும். மலம் போகும்போது கண்ணாடித் துண்டு கிழிப்பது போல வலித்து, காகிதத்திலோ மலத்தின் மேலோ கொஞ்சம் சிவப்பு ரத்தம் தெரிந்து, அப்புறம் அரை மணியோ மூன்று மணியோ கடுகடுவென்று இழுத்துப் பிடித்தால் அது பெரும்பாலும் வெடிப்பு. திடீரென்று ஒரு நாள் நாவல் பழம் மாதிரி நீலமாக ஒரு கட்டி வெளியே வந்து கொல்லுகிறது என்றால் வெளிமூலத்தில் ரத்தம் உறைந்திருக்கிறது. முதல் மூன்று நாள் உச்சம், பிறகு தானாகவே வடியும். வெட்டி எடுப்பதானால் அந்த மூன்று நாளுக்குள் எடுத்தால்தான் லாபம். நடு ராத்திரி தூக்கத்தில் குத்தி எழுப்பி, சில நிமிஷத்தில் சுவடே இல்லாமல் போவது தசைப் பிடிப்பு. பயமுறுத்துமே தவிர ஆபத்தில்லை, வெந்நீரில் உட்கார்ந்தால் அடங்கும். சித்தப்பாவுக்கு வந்தது மாதிரி எந்நேரமும் தெறித்து ஜுரமும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அந்தச் சீழ்க்கட்டி ஆறின பிறகும் சிலருக்கு ஒரு துளை வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும், அதுதான் பவுத்திரம்.

இதையெல்லாம் சொல்லக் காரணம் ஒன்றுதான். கீழே ஒப்பிடப்போகும் எந்த வழியும் வெடிப்புக்கு மட்டுமே பொருந்தும். வேறு நோய்க்கு இந்தக் கணக்கு செல்லாது.

வெடிப்பு என்று உறுதி செய்வது டாக்டருக்குச் சுலபமான வேலை. இடதுபக்கமாகப் படுத்து முழங்காலை வயிற்றோடு மடக்கச் சொல்வார். இரண்டு பக்கமும் மெல்ல விலக்கிப் பார்ப்பார், அவ்வளவுதான். வலி கடுமையாக இருக்கும்போது விரலையோ குழாயையோ உள்ளே விடத் தேவையில்லை. நான் முதலில் போன இடத்தில் அந்தப் பொறுமை இல்லை. குழாயை விட்டார், நான் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினேன், வெளியே இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது டாக்டர் விலக்கிப் பார்த்துவிட்டு, "பின்பக்க நடுவில் இருக்கு, வழக்கமான இடம்தான்" என்றார். பத்தில் ஒன்பது வெடிப்பு அந்த இடத்தில்தான் வரும். பெண்களுக்குச் சில சமயம் முன்பக்க நடுவிலும் வரும். நடுவில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால் மட்டும் டாக்டரின் முகம் மாறும். காசநோய், குரோன்ஸ் என்ற குடல் அழற்சி, எச்.ஐ.வி., புற்றுநோய் என்று வேறு காரணங்களைத் தேட வேண்டியிருக்கும்.

இத்தனூண்டு கீறல் ஏன் ஆறுவதில்லை? ஆசனவாயைச் சுற்றி இரண்டு சுருக்குத்தசைகள். வெளித்தசை நம் பேச்சைக் கேட்கும், உள்தசை கேட்காது. நாம் தூங்கும்போதும் ஆசனவாயை மூடி வைத்திருப்பதில் பெரும்பங்கு அந்த உள்தசைக்குத்தான். வெடிப்பு விழுந்ததும் அது விறைத்து இறுகிக்கொள்கிறது. இறுகினால் அந்த இடத்துக்கு ரத்தம் வருவது குறைகிறது. பின்பக்க நடுப்பகுதிக்கு இயல்பிலேயே ரத்த ஓட்டம் குறைவு. ரத்தம் வராத புண் எப்படி ஆறும்? இதற்கிடையில் வலிக்குப் பயந்து நாம் வெளிக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறோம். தள்ளிப்போட்ட மலம் கல்லாகிறது. மறுநாள் அதே இடம் மறுபடி கிழிகிறது. ஆறு வாரம் தாண்டினால் நாள்பட்ட வெடிப்பு என்று பெயர். வெளியே ஒரு சின்னத் தோல் மொட்டு வளர்ந்துவிடும். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் மூலம் என்று போஸ்டர் ஆளிடம் ஓடுகிறோம்.

ஆக, எந்தச் சிகிச்சையானாலும் இரண்டே வேலைதான். மலத்தை இளக்க வேண்டும், உள்தசையைத் தளர்த்த வேண்டும். தசையைத் தளர்த்துவதில்தான் வழிகள் பிரிகின்றன.

முதல் வழி வீட்டிலேயே இருக்கிறது. வெடிப்பு வந்து சில வாரமே ஆகியிருந்தால் இதைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம். 1986-ல் டென்மார்க் டாக்டர் ஒருவர் முதன்முறை வெடிப்பு வந்த நூற்றுச் சொச்சம் பேரை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு கூட்டத்துக்கு மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் களிம்பு, ஒரு கூட்டத்துக்கு ஸ்டீராய்டு களிம்பு, மூன்றாவது கூட்டத்துக்கு வெறும் வெந்நீரும் தவிடும். மூன்று வாரத்தில் லிக்னோகைன்காரர்களில் 60 சதவீதம் பேருக்கும், ஸ்டீராய்டுகாரர்களில் 82 சதவீதம் பேருக்கும், வெந்நீர்த் தவிட்டுக்காரர்களில் 87 சதவீதம் பேருக்கும் ஆறியிருந்தது. மெடிக்கல் ஷாப்பில் "மூலத்துக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க" என்று நாம் வாங்குவதெல்லாம் முதல் இரண்டு ரகம்தான். ஸ்டீராய்டை மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து வேறு தொல்லை வரும்.

வெந்நீர் என்றால் கொதிக்கக் கொதிக்க இல்லை, கை பொறுக்கும் சூடு. அகலமான பிளாஸ்டிக் டப்பில் நாலு விரல்கடை ஊற்றி, புட்டம் முங்குமாறு பத்துப் பதினைந்து நிமிஷம். வெளிக்குப் போய்விட்டு வந்ததும் ஒரு தடவை கட்டாயம், அதோடு இன்னும் ஒன்றிரண்டு தடவை. உப்பு, டெட்டால், மஞ்சள் எதுவும் போட வேண்டாம். வேலை செய்வது வெறும் சூடுதான், அது தசையைத் தளர்த்துகிறது. எங்கள் வீட்டில் துணி ஊறவைக்கிற நீல டப் என் பெயருக்குப் பட்டா ஆகிப்போனது. காலையில் குழந்தை பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அப்பா டப்பில் உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நாளில் வெட்கம் போய்விடும்.

நார்ச்சத்து ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் என்கிறார்கள். சோறும் இட்லியும் தின்று அந்தக் கணக்கை எட்டவே முடியாது. நூறு கிராம் வெள்ளைச் சோற்றில் அரை கிராம்கூடத் தேறாது, அதே எடைக் கொய்யாவில் ஐந்து கிராம் இருக்கிறது. நான் காலையில் கம்பங்கூழ், மத்தியானம் சோற்றைப் பாதியாக்கி வாழைத்தண்டோ அவரைக்காயோ ஒரு தட்டு, சாயங்காலம் ஒரு கொய்யா, ராத்திரி இசப்கோல் இரண்டு ஸ்பூன் என்று மாற்றிக்கொண்டேன். இசப்கோல் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்காவிட்டால் அது உள்ளேயே கட்டியாகி நிலைமை இன்னும் மோசமாகும். இதெல்லாம் போதாமல் மலம் இறுகினால் டாக்டர் லாக்டுலோஸ் சிரப் தருவார். நம் பாட்டிமார்கள் சொல்லும் துத்திக்கீரையும் கருணைக்கிழங்கும் சாப்பிடலாமா என்று கேட்பார்கள். தாராளமாக, இரண்டும் நல்ல காய்கறி. வெடிப்பைத் தனியாக ஆற்றும் சக்தி அவற்றுக்கு உண்டு என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். மிளகாய் வெடிப்பை உண்டாக்குவதில்லை, ஆனால் இருக்கிற புண்ணில் போகும்போது எரிக்கும். பிரியாணியை ஆறு வாரம் ஒத்திவையுங்கள்.

ஆறு வாரம் தாண்டியும் ஆறவில்லை என்றால் அடுத்தது தசையைத் தளர்த்தும் களிம்பு. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள், நானும் சேர்த்துத்தான். இது மரத்துப்போகச் செய்யும் களிம்பு இல்லை. மூன்று மருந்துகள் புழக்கத்தில் இருக்கின்றன. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் நைட்ரோகிளிசரின், பிரஷர் மாத்திரைகளான டில்டியாசெம், நிஃபெடிபின். மூன்றும் ரத்தக் குழாயைத் தளர்த்துவது போலவே உள்தசையையும் தளர்த்துகின்றன.

நைட்ரோகிளிசரினில்தான் ஆராய்ச்சி அதிகம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் இதைத் தடவியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஆறியிருக்கிறது. மருந்தே இல்லாத வெறும் களிம்பைத் தடவியவர்களிலும் மூன்றில் ஒருவருக்கு ஆறியிருக்கிறது. இந்த இரண்டாவது கணக்கை நன்றாக மனதில் வையுங்கள். பக்கத்து வீட்டு மாமா ஒரு எண்ணெயைச் சொல்லி "எனக்கு இதுதான் கேட்டுச்சு" என்று சத்தியம் பண்ணினால் அவர் பொய் சொல்லவில்லை. எதைத் தடவியிருந்தாலும் மூன்றில் ஒருவருக்கு ஆறியிருக்கும், அவர் அந்த மூன்றில் ஒருவர். போஸ்டர் வைத்தியரின் சாட்சிகளும் அங்கிருந்துதான் வருகிறார்கள்.

நைட்ரோகிளிசரினின் தொல்லை தலைவலி. லேசான தலைவலி இல்லை, மண்டை இடிக்கும். அதைத் தாங்காமலே நிறையப் பேர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். விரல் தோல் வழியாகவும் மருந்து உடம்பில் இறங்கும் என்பதால் கையுறை போட்டுத்தான் தடவ வேண்டும். சில்டெனாஃபில், டடலாஃபில் போன்ற ஆண்மை மாத்திரை எடுப்பவர்கள் இந்தக் களிம்பைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கிவிடும். இதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் அதிகம் என்பதால்தான் இங்கே பச்சையாக எழுதுகிறேன்.

டில்டியாசெமும் நிஃபெடிபினும் பலனில் ஏறக்குறைய அதே அளவு, தலைவலி மிகக் குறைவு. சிலருக்குத் தடவிய இடத்தில் அரிப்பு வரும். இரண்டில் எது என்று கேட்டால், எது உங்கள் ஊர்க் கடையில் தடங்கல் இல்லாமல் எட்டு வாரமும் கிடைக்குமோ அது. நிஃபெடிபினோடு லிக்னோகைன் கலந்தும் வருகிறது, வலி அதிகம் இருக்கும் முதல் வாரங்களில் அது ஆறுதல். என்னைக் கேட்டால் நைட்ரோகிளிசரினை முதலில் எழுதித் தர ஒரு காரணமும் இல்லை.

தடவும் விதத்தை யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. பட்டாணி அளவு போதும். வெந்நீரில் உட்கார்ந்து எழுந்து, துடைத்துவிட்டு, ஆசனவாய் விளிம்பைச் சுற்றித் தடவி, கொஞ்சம் உள்விளிம்பிலும் படவைக்க வேண்டும். ஆழமாக விரலை விடத் தேவையில்லை. டியூபோடு வரும் பிளாஸ்டிக் மூக்கைச் சொருகினால் புண்ணைத்தான் குத்தும், அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை. ஆறு முதல் எட்டு வாரம்.

இந்த எட்டு வாரத்தில்தான் நான் கோட்டை விட்டேன். பத்தாம் நாள் வலி நின்றுவிட்டது. டியூபை பிரிட்ஜ் மேல் வைத்தேன், அங்கேயே மறந்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போய் நாலு நாள் பலகாரமும் பஸ் பயணமுமாக இருந்ததில் ஒரே இழுப்பில் பழைய நிலைமை. வலி போவதும் புண் ஆறுவதும் ஒன்றல்ல. தசை தளர்ந்தவுடன் வலி போகிறது, புண் மூடுவதற்கு மேற்கொண்டு வாரங்கள் பிடிக்கும். ஒழுங்காகத் தடவி ஆறினவர்களிலும் பாதிப்பேருக்குப் பின்னால் திரும்ப வருவதுண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். களிம்பின் பலவீனம் அதுதான். அதன் பலம் என்னவென்றால், நிறுத்தினால் தசை பழையபடி ஆகிவிடும், உடம்பில் எதுவும் நிரந்தரமாகக் குறைந்திருக்காது.

நடுவில் ஒரு வழி இருக்கிறது, போடாக்ஸ் ஊசி. முகச் சுருக்கத்துக்குப் போடுகிற அதே மருந்தை உள்தசையில் போட்டால் இரண்டு மூன்று மாதம் தசை தளர்ந்து கிடக்கும், அதற்குள் புண் ஆறிவிடலாம். களிம்பைவிடக் கொஞ்சம் நல்ல பலன், அறுவையைவிடக் குறைவு. சில வாரம் காற்றை அடக்க முடியாமல் போகலாம், ஆனால் மருந்து தீர்ந்ததும் அது சரியாகும். மருந்து விலை அதிகம். போட்டுப் பழகிய சர்ஜன் பெரிய ஊர்களில்தான் கிடைப்பார். அறுவை கூடாதவர்களுக்கு, களிம்பும் தோற்றவர்களுக்கு இது நல்ல இடைவழி. மற்றவர்கள் இதற்காக அலைய வேண்டியதில்லை.

அப்புறம் கத்தி. உள்தசையின் ஒரு சிறு பகுதியைப் பக்கவாட்டில் வெட்டித் தளர்த்துவதுதான் அறுவை. வெடிப்பையே வெட்டி எடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு பலர் பயப்படுகிறார்கள். வெடிப்பை அப்படியே விட்டாலும் தசை தளர்ந்தவுடன் ரத்தம் பாய்ந்து தானாக ஆறிவிடும். 1951-ல் தென்னாப்பிரிக்க சர்ஜன் ஐசன்ஹாமர் உள்தசையை வெட்டும் முறையை எழுதினார். ஆரம்பத்தில் பின்பக்க நடுவிலேயே வெட்டினார்கள், அது சாவித்துளை மாதிரி ஒரு பள்ளத்தை விட்டுவிட்டு ஆடை கறையாகும் தொல்லையைத் தந்தது. 1969-ல் நோட்டாராஸ் என்பவர் பக்கவாட்டில், தோலுக்கு அடியில் சின்னக் கீறல் வழியாக வெட்டும் முறையை விவரித்தார். இன்று செய்வது அதன் வழிவந்ததுதான். முதுகில் மரத்துப்போகும் ஊசி, கால் மணி நேரத்து வேலை, பெரும்பாலும் அன்றைக்கே அல்லது மறுநாள் வீடு.

பலன் என்று பார்த்தால் இதை எட்ட எதுவும் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஆறுகிறது. திரும்ப வருவது அபூர்வம். அப்படியானால் எல்லோரும் முதல் நாளே இதைச் செய்துகொள்ள வேண்டியதுதானே என்றால், விலை வேறு இடத்தில் இருக்கிறது. வெட்டிய தசை திரும்ப ஒட்டாது. 2013-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், அறுவைக்கு இரண்டு வருஷம், அதற்கு மேலும் கழித்து விசாரித்தபோது ஏறக்குறைய 14 சதவீதம் பேர் ஏதோ ஓர் அளவில் அடக்கும் சக்தி குறைந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் காற்றை அடக்க முடியாமை, அடுத்து உள்ளாடையில் லேசான கறை. மலமே தெரியாமல் போவது நூற்றில் ஒருவர் அளவுக்குத்தான். எண்ணிக்கையாகப் பார்த்தால் சின்னது. கோயில் கூட்டத்திலோ ஆபீஸ் மீட்டிங்கிலோ அந்த ஏழில் ஒருவர் நீங்களாக இருந்தால் சின்னதில்லை. எவ்வளவு தசையை வெட்டுவது என்பதில்தான் சர்ஜனின் கைவண்ணம் இருக்கிறது. வெடிப்பின் நீளத்துக்கு மேல் போகாமல் அளவாக வெட்டுபவரிடம் இந்தத் தொல்லை குறைவு.

லேசர் என்று விளம்பரம் வருகிறதே? வெடிப்பைப் பொறுத்தவரை லேசரும் பெரும்பாலும் அதே தசையைத்தான் வெட்டுகிறது. எதனால் வெட்டினால் என்ன, வெட்டியது வெட்டியதுதான், அடக்கும் சக்தி பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. "லேசர், அதனால் பக்கவிளைவே கிடையாது" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் எழுந்து வந்துவிடுவேன். பேக்கேஜில் கூடுதலாகக் கேட்கும் பணம் கருவிக்குப் போகிறது, உங்கள் தசைக்கு அதில் பங்கில்லை. நாலு விரலை விட்டு இழுத்து விரிக்கும் பழைய ஸ்ட்ரெச்சிங் முறை இன்னும் சில இடங்களில் நடக்கிறது. அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். தசை எங்கே, எவ்வளவு கிழிகிறது என்று செய்பவருக்கே தெரியாது, அடக்க முடியாமல் போனவர்கள் அதில் அதிகம் என்பதால்தான் உலகம் அதைக் கைவிட்டது.

காரநூல் பற்றியும் கேட்பீர்கள். மருந்து ஏற்றிய நூலைத் துளைக்குள் கட்டி வாராவாரம் மாற்றும் முறை. அது பவுத்திரத்துக்கு உரியது, அங்கே அதற்கு நல்ல மரியாதையும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1991-ல் வெளியிட்ட ஆய்வில் காரநூல் கட்டியவர்களில் 4 சதவீதம் பேருக்குத்தான் பவுத்திரம் திரும்ப வந்தது, அறுவை செய்தவர்களில் 11 சதவீதம். ஆறுவதற்கு மட்டும் எட்டு வாரம், அறுவைக்கு நாலு. ஆனால் வெடிப்பில் கட்டுவதற்குத் துளையே இல்லை. வெடிப்புக்குக் காரநூல் என்று யாராவது சொன்னால் அவர் இரண்டையும் குழப்பிக்கொண்டிருக்கிறார்.

சரி, யார் எதை எடுப்பது? என் வீட்டிலேயே இரண்டு விதமான முடிவு இருக்கிறது. என் அண்ணிக்கு முதல் பிரசவத்துக்குப் பிறகு வெடிப்பு வந்தது. சுகப்பிரசவம், தையலும் ஆழமாகப் போட்டிருந்தார்கள். ஒரு சர்ஜன் சின்ன ஆபரேஷன்தான் என்று தேதியே கொடுத்துவிட்டார். அண்ணி வேறொரு பெண் டாக்டரைப் பார்த்தார். அவர் சொன்ன விஷயம் எனக்கு அப்போது புதிது. பிரசவத்துக்குப் பிறகு வரும் வெடிப்பில் தசை இறுகியே இருக்காது பல சமயம். பிரசவத்தில் ஏற்கனவே தசை கிழிந்திருந்தால், மீதி இருப்பதை வெட்டுவது வினையை விலைக்கு வாங்குவது. அண்ணிக்கு வெந்நீர், லாக்டுலோஸ், நார்ச்சத்து மட்டும். மூன்று மாதம் ஆனது, ஆனால் ஆறியது. ஆறாமல் போயிருந்தால் பக்கத்துத் தோலை நகர்த்தி வெடிப்பை மூடும் முறை ஒன்று இருக்கிறது, தசையைத் தொடாதது. பிரசவத்தில் கிழிந்தவர்கள், வயதானவர்கள், ஏற்கனவே மூலத்துக்கோ பவுத்திரத்துக்கோ கத்தி வைத்தவர்கள், அடிக்கடி பேதியாகிறவர்கள், இவர்கள் எல்லோருக்கும் கத்தி கடைசியில்தான். பாலூட்டுகிறவர்கள் களிம்பைக்கூட டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

என் கதை வேறு. வயது 38, தசை கல் மாதிரி இறுக்கம், தோல் மொட்டு வளர்ந்துவிட்டது. தீபாவளிக்குப் பிறகு இரண்டாவது தடவை எட்டு வாரம் ஒரு வேளை தவறாமல் டில்டியாசெம் தடவினேன். காலண்டரில் பென்சிலால் டிக் அடித்தேன். வலி பாதியானது, போகவில்லை. எட்டாவது வாரம் டாக்டர் விலக்கிப் பார்த்து, "இனி இது ஆறாது, தசை நார் தெரியுது" என்றார். ஒழுங்காக எட்டு வாரம் பார்த்தும் ஆறாதவன் மேலும் எட்டு மாதம் டியூபோடு அலைவதில் அர்த்தமில்லை என்று எனக்கும் தோன்றியது. பத்து நாள் தடவிவிட்டுக் களிம்பு தோற்றது என்று கத்திக்குப் போயிருந்தால் அது வேறு முடிவு, அவசர முடிவு.

சம்மதக் கையெழுத்துக்கு முன்னால் சர்ஜனிடம் மூன்று கேள்வி கேட்டேன். எவ்வளவு தசையை வெட்டுவீர்கள்? நீங்கள் செய்தவர்களில் காற்றை அடக்க முடியாதவர்கள் இருக்கிறார்களா? தசையை வெட்டுவதைத் தவிர வேறு எதையாவது எடுப்பீர்களா? இரண்டாவது கேள்விக்கு அவர் சிரிக்காமல், "இருக்காங்க, பெரும்பாலும் ரெண்டு மூணு மாசத்துல சரியாயிடும், சரியாகாதவங்களும் ஒண்ணு ரெண்டு பேர் உண்டு" என்றார். அந்தப் பதிலால்தான் அவரிடம் செய்துகொண்டேன். இல்லவே இல்லை என்றிருந்தால் வேறு ஆளைத் தேடியிருப்பேன். எனக்கும் ஆறு வாரம் போலக் காற்று பிடிக்கு அடங்காமல் இருந்தது, பிறகு சரியாகிவிட்டது.

இன்னொன்று மட்டும். வயது 45 தாண்டியவர்கள், ரத்தம் மலத்தோடு கலந்து வருகிறவர்கள், காரணமில்லாமல் எடை குறைகிறவர்கள், கொஞ்ச நாளாகவே வெளிக்குப் போகும் வழக்கம் மாறிப்போனவர்கள், இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டுப் பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும் டாக்டரிடம் போங்கள். வெடிப்பு இருக்கிறது என்பதற்காக உள்ளே வேறு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது.

அறுவைக்கு மறுநாள் காலை. எங்கள் கழிப்பறையில் நான் கிழித்த கோடே இருக்கும், அந்த ஒரு வருஷமும் வலது கையால் வாளி விளிம்பைப் பிடித்துக்கொண்டு இடது கை நகத்தால் டைல்ஸ் இடுக்கைச் சுரண்டிய கோடு. பழக்கதோஷத்தில் அன்றும் வாளியைப் பிடித்தேன். போகும்போது கீறிய இடம் சுருக்கென்று எரிந்தது. அது எதிர்பார்த்ததுதான். நான் காத்திருந்தது அதற்கு அப்புறம் வரும் அந்த இழுப்பு வலிக்கு. கழுவிவிட்டு எழுந்து நின்றேன், வரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். வெளியே இருந்து என் மனைவி கதவைத் தட்டினாள்.

"என்னங்க, வெந்நீர் ஆறுது. ஆச்சா, இல்லையா?"